எண்ணூர் கழிமுகமும் கணத்தாக்குச் சமன்பாடும்

எண்ணூர், வல்லூர் பக்கம் வலையில் மீன் குறைந்தால், "மீன்பாடு என்றால் ஏறும், இறங்கும்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இறங்கியது எல்லாம் ஏறும் என்று கணிதம் சொல்லவில்லை.

ஒரு சமன்பாட்டின் தீர்வு சமநிலை மட்டத்தை விடாமல் மேலும் கீழுமாகக் கடந்துகொண்டே இருந்தால் அதற்கு அலைவு என்று பெயர். தனி ஊசல் நல்ல உதாரணம். நடுப்புள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு சுவரை வையுங்கள். ஊசல் ஒவ்வொரு முறையும் மோதித் திரும்பும். ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நடுப்புள்ளியைத் தாண்டாது. அலைவு போய்விட்டது! மோதும் அந்த ஒரு நொடிதான் கணத்தாக்கு. இப்படித் திடீர்த் தாவல்கள் உள்ளவையே கணத்தாக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள். தாமதமும் கணத்தாக்கும் சேர்ந்த சமன்பாடுகளின் அலைவு பற்றி கே. கோபால்சாமியும் பி. ஜி. ஜாங்கும் 1989-ல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று.

மீனுக்கு வருவோம். குஞ்சு பெரிதாகிக் குஞ்சு பொரிக்கக் காலம் பிடிக்கும். இந்தத் தாமதமே மீன் கூட்டத்தை இயல்பாக ஏறி இறங்க வைக்கும். இப்போது ஒரு கணக்கு. ஆண்டுக்கு அதிகபட்சம் இருமடங்காகும் கூட்டம், ஆண்டுதோறும் ஒரே அடியில் 60 சதவீதம் சாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 என்பது 40 ஆகும், 80 ஆக எழும், மறுபடி 32, பிறகு 64... ஏறுவது போலவே தெரியும். ஆனால் பழைய மட்டத்தை இனி தொடாது.

எண்ணூரில் நடப்பது என்ன? நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தில் மெல்ல மெல்லப் படிந்தது. அது தொடர் மாற்றம். கணத்தாக்குகள் வேறு. 2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது.

ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்தால் இந்த அடிகள் எல்லாம் கரைந்துவிடும். எனவே அளக்க வேண்டியது இரண்டு: ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு போனது, அடுத்த அடிக்குள் எவ்வளவு மீண்டது. ஒவ்வொரு குப்பத்திலும் தினசரி மீன்பாட்டைத் தேதியோடு குறித்து வைத்தாலே இது தெரிந்துவிடும். இழப்பீடும் கொட்டிய எண்ணெயை அள்ளிய நாளோடு முடியக்கூடாது, மீன்பாடு பழைய மட்டத்துக்கு வரும்வரை தொடர வேண்டும்.

சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளருக்குச் சராசரியால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது நிஜமான ஏற்றம். மீன்பாடு இறங்குவது இயற்கை. மீண்டும் ஏறவிடாமல் அடித்துக்கொண்டே இருப்பது இயற்கை அல்ல.