சாணை முதல்லயா... சூடு முதல்லயா?

கோழியா, முட்டையான்னு கேட்டா சிரிச்சே சமாளிச்சுடலாம் பாஸ். 'கத்தியை முதல்ல சாணை பிடிக்கணுமா, இல்ல சூடு ஏத்தணுமா'ன்னு கேட்டாங்கன்னா... மாட்டினோம்!

மினி புராஜெக்ட்டுக்கு நானும் ரூம்மேட்டும் எடுத்தது சமையல் கத்தி. காயலான் கடையில லாரி ஸ்பிரிங் பட்டை கிடைச்சது. சுமார் 0.6 சதவிகித கார்பன் உள்ள ஸ்டீல். நம்ம ஊர் அரிவாள் நிறைய இந்த வம்சம்தான்! காய்ச்சி, சாம்பல்ல புதைச்சு, மெதுவா ஆறவிட்டு இளக்கினோம். மூணு துண்டு தேறுச்சு.

முதல் துண்டு, என் ஐடியா. 'இரும்பு மெத்துனு இருக்கும்போதே தேய்ச்சுடலாம், வேலை சுளுவு'ன்னு ஓரத்தை பிளேடு மாதிரி இறக்கிட்டேன். செக்கச்செவேல்னு காய்ச்சி எண்ணெயில முக்கினா... 'டிங்'! ஓரமெல்லாம் அலை அலையா நெளிஞ்சு, நடுவுல மயிரிழை விரிசல். காரணம் சிம்பிள். மெல்லிய ஓரம் சட்டுனு குளிருது, தடிச்ச முதுகு லேட்டா குளிருது. போதாததுக்கு, ஸ்டீல் மார்ட்டன்சைட்டா மாறும்போது கொஞ்சம் உப்பும். ஆளுக்கொரு நேரத்துல உப்பினா? இழுபறிதான்!

ரெண்டாவது, ரூம்மேட் ஐடியா. பட்டையை அப்படியே கடினமாக்கி, 200 டிகிரியில டெம்பர் பண்ணி, அப்புறம் கிரைண்டர். அரை நாள் ஆச்சு. கல்லுதான் தேஞ்சது! பொறுமை போய் அழுத்தினான். ஓரம் நீலமா மாறிடுச்சு. நீலம்னா அந்த இடம் சுமார் 300 டிகிரியைத் தொட்டுடுச்சுன்னு அர்த்தம். ஏத்தின கடினம் இறங்கிப் போச்சு. இனி கூர் நிக்காது.

மிச்சம் ஒரே துண்டு. ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்த வொர்க்ஷாப் அண்ணன் சிரிச்சார். "முக்கால்வாசி முன்னாடி, கால்வாசி பின்னாடி தம்பி!"

அவர் சொன்னபடியே, ஓரத்துல ஒரு மில்லிமீட்டர் விட்டு முதல்ல தேய்ச்சோம். சூடு, எண்ணெய், டெம்பரிங். அப்புறம் மிச்சத்தை மெதுவா, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில முக்கி முக்கி. "கை பொறுக்காத சூட்டைக் கத்தியும் பொறுக்காது"ன்னார். டெம்பர் பாடம் ஒரே வரியில! (மெல்லிய தகடுன்னா முழுசையும் பின்னாடியே தேய்க்கிறவங்களும் உண்டு. அவங்களுக்கும் தண்ணிதான் துணை.)

ரிவ்யூ அன்னிக்கு, உடைஞ்சதை ஒளிச்சுடலாம்னு ரூம்மேட் கெஞ்சினான். எனக்கும் ஆசைதான். ஆனா மூணையும் மேஜையில வச்சோம். எக்ஸ்டர்னல் நல்ல கத்தியை ஒரு பார்வைதான் பார்த்தார். பத்து நிமிஷம் கேள்வி கேட்டது பூரா விரிசலையும் நீலத்தையும் பத்தி. ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சிருந்தது. பின்னே, சொந்தமா கெடுத்ததாச்சே!

நல்ல கத்தி இப்போ அம்மா கிச்சன்ல. மத்த ரெண்டும் ஹாஸ்டல்ல, என் டேபிள் மேல. அடுத்த தடவை அவசரப்படும்போது ஒரு பார்வை பார்க்கணும்ல!