பீரோக் கதவில் ஒட்டிய பாஸ்வேர்ட்

தர்மபுரியில் ஒரு கல்லூரி அலுவலகம். பெயர் வேண்டாம். பன்னிரண்டு கணினிகள், ஏழில் விண்டோஸ், ஐந்தில் லினக்ஸ். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஷேர் ஃபோல்டர், அதற்கு ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்ட். அதையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி பீரோக் கதவில் ஒட்டியிருந்தார்கள். போன வருஷம் உதவித்தொகைப் பட்டியல் காணாமல் போனது. தற்காலிக ஆபரேட்டர் அக்காவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். "நான் தொடவே இல்ல தம்பி. ஆனா தொடலைன்னு எதை வச்சுக் காட்டுறது?" என்றார். காட்ட வழியில்லை. சர்வர் லாகில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

அந்த அமைப்பைச் செய்து கொடுத்தவன் நான்தான். விண்டோஸில் ஒரு பேட்ச் ஃபைல், லினக்ஸில் எஃப்எஸ்டேபில் ஒரு வரி. இரண்டிலும் பாஸ்வேர்ட் அப்பட்டமாக. கணினியை ஆன் செய்தால் ஃபோல்டர் தானாக வந்து நிற்கும். "ஆட்டோமேட் பண்ணிட்டேன் சார்" என்று பெருமையடித்துக்கொண்டேன். உள்ளே வருகிறவர் யார் என்று கேட்பதையே எடுத்துவிட்டு அதற்கு ஆட்டோமேஷன் என்று பெயர் வைப்பது எங்கள் தொழிலின் பழைய சோம்பேறித்தனம்.

"லினக்ஸ் கலந்தாலே இந்தத் தொல்லைதான்" என்பார்கள். சுத்தப் பொய். 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. இந்தக் கலப்பு நமக்குப் புதுசில்லை. விண்டோஸின் ஃபைல் பகிர்வு மொழியை யூனிக்ஸ் கணினிகளையும் பேசவைக்கிற, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சாம்பாவுக்கு முப்பது வயசு தாண்டிவிட்டது. 2012ல் வந்த சாம்பா 4, டொமைன் கன்ட்ரோலராகவே நிற்கும். லைசென்ஸ் காசு கிடையாது. விண்டோஸுக்கு லாகின் ஸ்கிரிப்ட் போதும். லினக்ஸில் பாம்_மவுன்ட், லாகினில் நாம் தட்டிய அதே பாஸ்வேர்டை வாங்கி, அவரவர் பெயரிலேயே ஃபோல்டரை இணைக்கும்; லாக்அவுட் ஆனால் கழற்றிவிடும். எங்கேயும் எழுதிவைக்க வேண்டாம். சாம்பாவின் ஃபுல்_ஆடிட்டை ஆன் செய்தால் எந்த ஃபைலை யார் அழித்தார் என்று பதிவாகும். ரீசைக்கிளை ஆன் செய்தால் அழித்த ஃபைல் தனியாக ஓரிடத்தில் கிடக்கும். கான்ஃபிக் ஃபைலில் சில வரிகள், அவ்வளவுதான். அந்தச் சில வரிகளை நான் எழுதவில்லை.

சின்ன ஆபீஸில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நியாயமானது. ஆள் மாறினால் கணக்கை மூட வேண்டும், பாஸ்வேர்டை மறந்தவருக்குப் புதுசு போட வேண்டும். மாசத்துக்கு அரைமணி நேர வேலை. அந்த அரைமணியை மிச்சம் பிடித்தோம். பழியைச் சுமந்தது சம்பளம் குறைவான ஆள்.

போன மாசம் போய், கூலி வாங்காமல் எல்லாவற்றையும் மாற்றிவைத்தேன். பன்னிரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு. பட்டியலில் அக்கா பெயரைத் தேடினேன். அவருடைய ஒப்பந்தத்தை மார்ச்சோடு புதுப்பிக்கவில்லையாம்.