ஏரிச்சாலைக் கடைகளை அகற்றுவது தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், நடைபாதை வியாபாரிகள் சங்கம், கொடைக்கானல்.
பெறுநர்: உரிய அலுவலர் அவர்கள்.

ஐயா,

ஏரியைச் சுற்றிச் சுட்ட சோளம், பேரிக்காய், மலைப்பூண்டு, குல்லா விற்பவர்களின் சங்கம் எங்களுடையது.

1. கடை அகற்றம்: வாய்மொழி உத்தரவில் தள்ளுவண்டிகளை எடுக்கச் சொல்லக்கூடாது என்று சீசனுக்கு முன்பே மனு கொடுத்தோம். பதில் இல்லை. பின்னர் அனுப்பிய நினைவூட்டுக் கடிதத்தில் சட்டப்பிரிவின் நகலையே இணைத்தோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலனை முடியுமுன் வண்டிகள் லாரியில் ஏறிவிட்டன. ஆகவே அதே பிரிவை மறுபடியும் எழுதுகிறோம்.

தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014, பிரிவு 3(3)-ன்படி, கணக்கெடுப்பு முடிந்து எல்லா வியாபாரிகளுக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. எங்கள் சாலையில் கணக்கெடுக்க வந்தவர்கள் மழை என்று பாதியில் திரும்பினார்கள். கொடைக்கானலில் மழை விடட்டும் என்றிருந்தால் எந்தக் கணக்கெடுப்பும் முடியாது. சான்றிதழ் வழங்கிய பிறகும் இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும் என்கிறது பிரிவு 18. பறிமுதல் செய்தால் பொருட்பட்டியல் தரவேண்டும். அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும் என்கிறது பிரிவு 19. பட்டியலும் வரவில்லை, பழமும் வரவில்லை.

பாரம்பரிய ஏரியின் அழகு கெடுகிறது என்பது வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம். 1863-ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி இது. அழகை நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் குளிரில் ஏரியைச் சுற்றி வருகிறவர் சூடாக ஒரு சோளம் கேட்கிறார். ஏற்கெனவே 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. மலைக்கு நல்லது என்று ஏற்றுக்கொண்டோம். மிஞ்சிய சீசன் வியாபாரத்தையும் பறித்தால் ஆண்டு முழுவதும் எதைத் தின்பது?

2. ஏரிச்சாலையில் பெண்களுக்குக் கழிப்பறை அமைத்துத் தர வேண்டும்.
3. எரியாத தெருவிளக்குகளைச் சரிசெய்ய வேண்டும்.
4. பிளாஸ்டிக் பாட்டில் தடைக்கு ஏற்பக் கூடுதல் குடிநீர்க் குழாய்கள் வேண்டும்.

கணக்கெடுப்பு முடியும்வரை ஒரு வண்டியையும் தொடவேண்டாம் என்று எழுத்துப்பூர்வ உத்தரவு பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்பதைப் பதிலாக ஏற்க இயலாது.

இப்படிக்கு,
செயலாளர்