பழச்சாறு இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

 

பெண்களுக்கான வாராந்த வகுப்பு முடிந்ததும் முல்லைத்தீவுப் பக்கத்துச் சகோதரி ஒருவர் திரைக்கு அப்பாலிருந்து ஒரு கேள்வி கேட்டார். "மௌலவி, றமழானுக்கு முதல் ஜூஸ் மெஷின் ஒன்று எடுக்க யோசிக்கிறேன். கடையில் தவணைக்கும் தருகிறார்கள். எதை எடுப்பது?"

சாதாரணக் கேள்விதானே என்று தோன்றலாம். ஆனால் 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்து, 2009க்குப் பின்னர் திரும்பி வந்து கிணறு முதல் கூரை வரை மீண்டும் கட்டிய குடும்பங்கள் நம்முடையவை. இத்தகைய வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் யோசித்துத்தான் வரவேண்டும்.

முதலில், சாறு யாருக்கு என்று பாருங்கள். ஒரு கிளாஸ் தோடம்பழச் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்கள் தேவை. அத்தனை பழங்களை ஒரே தடவையில் உண்பது கடினம். சாறாக்கினால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுவோம். சக்கை போய்விடும், இனிப்பு மட்டும் விரைவாக இரத்தத்தில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாம் கலக்கும் சீனியோடு பழச்சாற்றில் உள்ள இனிப்பையும் சேர்த்தே குறைக்கச் சொல்கிறது. ஆகவே நீரிழிவு உள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சாறு கொடுப்பதைவிடப் பழத்தை அளவோடு வெட்டிக் கொடுப்பதே நல்லது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாறு வேண்டவே வேண்டாம்.

இனி இயந்திரங்களைப் பார்ப்போம். நான்கு வகை உண்டு.

முதலாவது, கையால் பிழியும் கருவி. தேசிக்காய்க்கும் தோடம்பழத்துக்கும் இதுவே போதும். விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், கழுவுவதும் இலகு.

இரண்டாவது, நமக்குப் பழக்கமான பிளெண்டர். இது சாற்றைப் பிரிக்காது. பழம் முழுவதையும் அரைக்கும். வடிக்காமல் குடித்தால் சக்கையும் வயிற்றுக்குள் போகும்.

மூன்றாவது, வேகமாகச் சுழலும் ஜூஸர். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிச் சாற்றை வீசிப் பிரிக்கும். கரட், பீட்ரூட், ஆப்பிள் போன்ற கடினமானவற்றுக்கு ஏற்றது. சத்தமும் நுரையும் அதிகம். இலைகளில் சாறு சரியாக வராது.

நான்காவது, மெதுவாக நசுக்கிப் பிழிவது. நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாகவே பெரும்பாலும் சுற்றும். வல்லாரை போன்ற கீரைகளிலும் சாறு எடுக்கும், சக்கை உலர்ந்து வரும். ஆனால் விலை அதிகம், நேரமும் எடுக்கும்.

இப்போது நம் வன்னியில் என்ன பழம் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வவுனியாத் தோட்டங்களின் ரெட் லேடி பப்பாசி, வளவு மாம்பழம், வாழைப்பழம், காட்டோரத்து விளாம்பழம். இவை சதைப்பற்றுள்ளவை. ஜூஸரில் போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும். வத்தகப்பழத்துக்கும் அன்னாசிக்கும்கூட பிளெண்டரும் ஒரு வடிதட்டும் போதும். ஆகவே உங்கள் வீட்டில் கரட், பீட்ரூட், கீரைச்சாறு அன்றாடப் பழக்கமாக இல்லாவிட்டால், ஜூஸர் அலுமாரிக்கு மேலேறித் தூசிதான் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் கடையில் வைத்தே திறந்து பாருங்கள். எத்தனை பாகங்கள் கழற்றிக் கழுவவேண்டும்? சல்லடையின் மூலைக்குள் விரலோ தூரிகையோ போகுமா? போகாவிட்டால் மறுநாள் எறும்பும் நாற்றமும்தான். 230 வோல்ட்டுக்குரியதா? வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததானால் இதை அவசியம் பாருங்கள். எத்தனை நிமிடம் ஓடியபின் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று கையேட்டில் இருக்கும். பிளேடும் வளையமும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கிடைக்குமா? உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இட்டார்களா? 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கையால் பிழியும் கருவி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்து தவணை. விலை இவ்வளவு, மாதம் இவ்வளவு என்று பேசும்போதே ஒரே விலையாக முடிவு செய்தால், ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும் பெரும்பான்மையான இமாம்களிடத்தில் அது கூடும். ஆனால் பிந்தினால் வட்டி ஏறும் என்று பத்திரத்தில் இருந்தால் கையொப்பமிடாதீர்கள். வன்னிப் பெண்கள் நுண்கடனால் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் கடனை 2018இல் அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. ஒரு கிளாஸ் சாற்றுக்காக அந்த வாசலைத் திறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு மார்க்க விடயம். நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் தண்ணீரில் ஊறப்போடப்பட்டதையும், காலையில் ஊறியதை மாலையில் அருந்தியதையும், மூன்றாம் நாள் மாலைக்குப் பின் மீதியை வைத்துக்கொள்ளாததையும் முஸ்லிம் கிரந்தத்தின் அறிவிப்புகள் எடுத்துச் சொல்கின்றன. புதிய சாறு ஹலால். புளித்து நுரைத்துப் போதை தரும் நிலையை அடைந்தால் அது ஹராம். நமது வெயிலில் சாறு விரைவாகப் புளிக்கும். எனவே நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னர் பிழியுங்கள், குடிக்கும் அளவே பிழியுங்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள்.

சக்கையையும் வீசாதீர்கள். கரட் சக்கை ரொட்டி மாவுக்கு உதவும். மீதி ஆட்டுக்கும் கோழிக்கும். வாயில்லாத உயிருக்குக் கொடுப்பதிலும் நன்மை உண்டு.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "வீட்டில் பிளெண்டர் இருக்கிறதா? இருந்தால் வடிதட்டு ஒன்றும் தேசிக்காய் பிழியும் கருவி ஒன்றும் ரொக்கத்துக்கு வாங்குங்கள். மிஞ்சும் காசில் பக்கத்து வீட்டு நோன்பாளிக்கும் ஒரு கிளாஸ் கொடுங்கள்."

நமது உணவிலும் பானத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.