'ரூமைக் காலி பண்ணு' என்று சொல்லுமுன்...

தண்டலம் பக்கம் மாடியில் ரூம் கட்டி, ஒரகடம் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை.

குடியிருக்கிற பையனுக்கு எச்.ஐ.வி. என்று காதில் விழுந்ததுமே காலி பண்ணச் சொல்லாதீர்கள். ஒரே குழாய்த் தண்ணீராலோ, ஒரே கழிப்பறையாலோ அது ஒட்டாது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 1986-லேயே கண்டறிந்த நோய். இன்னுமா இந்தப் பயம்? இதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

பயந்த பையன் என்ன செய்வான்? கூட இருப்பவன் கண்ணில் படாமலிருக்க ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒளித்து வைப்பான். வேளை தவறும். தவறத் தவற, கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி தொடர்ந்து அடங்கியிருந்தாலோ, உடலுறவில்கூடப் பரவாது!

அப்புறம் தூக்கம் போகும், சோறு இறங்காது, பேச்சு நின்றுவிடும். அது மனச்சோர்வு. நாம் வைக்கிற பேரோ 'லூசு'.

"சித்த மருந்து கொடுங்க ஐயா, மாத்திரையை விட்டுடறேன்" என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: விடாதே தம்பி. லேகியம், சூரணம் எதுவும் அதற்கு ஈடாகாது. எதைச் சாப்பிடுவதானாலும் ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு.

எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மனக்கஷ்டத்துக்கு 14416. இரண்டும் இலவசம். மாடிப்படிச் சுவரில் எழுதி வையுங்களேன்.