ஆள் கிடைக்கவில்லையா, அந்தச் சம்பளத்துக்குக் கிடைக்கவில்லையா?

பட்டமளிப்பு விழா, வேலைவாய்ப்பு முகாம், ரோட்டரி சங்கக் கூட்டம் என்று எங்கே மைக் கிடைத்தாலும் தொழிலதிபர்களும் மனிதவள அதிகாரிகளும் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "வேலைக்குப் பஞ்சமில்லை, தகுதியான ஆளுக்குத்தான் பஞ்சம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். கைதட்டல் வரும். தட்டுகிறவர்கள் வேறு யாருமல்ல, தகுதியில்லை என்று சற்றுமுன் திட்டு வாங்கிய அதே பிள்ளைகள்தான். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யாராவது எழுந்து பதில் சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

முதலில் அந்த எண்பது சதவீதம். பொறியியல் படித்தவர்களில் எண்பது சதவீதம் பேர் வேலைக்கு லாயக்கில்லை என்பது மேடைகளின் நிரந்தரப் புள்ளிவிவரம். இதைப் பரப்பியதில் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் அறிக்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நிறுவனத்தின் பிழைப்பே மாணவர்களின் வேலைத்தகுதியை அளக்க 'ஆம்கேட்' என்ற தேர்வை நடத்துவதுதான். தேர்வு விற்கிறவர், பெரும்பாலோர் தேறவில்லை என்கிறார். வேறென்ன சொல்வார்?

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வரவில்லையாம். லேத் மெஷினிடம் யாரும் ஆங்கிலத்தில் பேசுவதில்லை.

கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்பார்கள். அவர் பஸ் கம்பெனி நடத்திய முதலாளி ஐயா, வேலை கேட்டு உங்கள் வாசலில் நின்றவரல்ல.

படிப்பும் திறனும் கூடினால் வேலை தானாக வரும் என்பது அடுத்த வாதம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் புரட்டினால் போதும். 2022 கணக்குப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 3.4 சதவீதம்; பட்டம் பெற்றவர்களில் 29.1 சதவீதம். 'பட்டம் வேறு, திறன் வேறு' என்று உடனே பாதையை மாற்றுவார்கள். அந்தப் பாதையிலும் போய்ப் பார்த்தாயிற்று. 2022க்குள் நாற்பது கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று 2015இல் டெல்லியில் முழங்கினார்கள். 2022 வந்தது, போனது. பஞ்சம் மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

சரி, பஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம். கோயம்பேட்டுக்குத் தக்காளி லாரி குறைந்தால் மறுநாளே விலை ஏறுகிறது. ஆளுக்குப் பஞ்சம் என்றால் ஆளின் விலையும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவரின் ஆண்டுச் சம்பளம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைவிடச் சுவையானது விப்ரோ கதை. கூடுதல் பயிற்சியை முடித்தால் ஆறரை லட்சம் என்றார்கள். பிள்ளைகள் முடித்தார்கள். 2023 பிப்ரவரியில், மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா என்று அவர்களுக்கே மின்னஞ்சல் போனது. புதுத் திறன் கற்றதற்குப் பலன், பேசிய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி காணாமல் போனதுதான்.

நல்ல வெல்டர் கிடைப்பதில்லை என்று புலம்பாத பட்டறை முதலாளி இல்லை. திருச்சியில் பெல் ஆலையைச் சுற்றி வெல்டிங் பழகிய கைகளுக்குக் குறைவே கிடையாது. அந்தக் கைகளில் பல சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பற்றவைத்துக்கொண்டிருக்கின்றன, அங்கே கூலி கிடைப்பதால். "ஆள் கிடைக்கவில்லை" என்கிற வாக்கியத்தில் "இந்தச் சம்பளத்துக்கு" என்ற இரண்டு சொற்களை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1981இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். 480 நாள் ஒரே மெஷினில் நின்றவனுக்கு அந்த மெஷினின் இருமல்கூடத் தெரிந்திருக்கும். திறன் பஞ்சத்தில் தவிக்கும் முதலாளி அந்த நாளில் அவனுக்கு மாலை போட்டு உள்ளே இழுத்திருக்க வேண்டும். நடப்பதை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த டீக்கடையிலும் விசாரியுங்கள். நாள்கணக்கு நெருங்கும்போது 'பிரேக்'. அல்லது கான்ட்ராக்டர் பெயர் மாறும், அடையாள அட்டை மாறும். லைன் மாறாது, ஷிப்ட் மாறாது. இல்லையென்றால் "போய்ட்டு வாப்பா, கூப்பிடுறோம்". அடுத்த நாள் அதே இடத்தில் ஐ.டி.ஐ. முடித்த வேறொரு பையன், ட்ரெய்னி என்ற பெயரில் நிற்பான். அவனுக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருகிறார்கள், சலிக்காமல். திறன் அவ்வளவு அரிய பொருள் என்றால், கையில் இருப்பதை 480 நாளுக்கு ஒருமுறை வாசலுக்கு வெளியே எறிவார்களா?

இதற்கு அரசின் ஆசியும் இருந்தது. 2013இல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 'நீம்' என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நீம் ட்ரெய்னி ஆலையில் நின்று உற்பத்தி செய்வான், ஆனால் தொழிலாளி ஆகமாட்டான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கு அளவுகோல் எது தெரியுமா? திறனற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி. திறன் வளர்க்கும் திட்டத்தில் திறனற்றவன் கூலி! பிற்பாடு ஏ.ஐ.சி.டி.இ.யே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெயர்கள் மாறின, ட்ரெய்னிகள் குறையவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006 முதல் வேலை பார்த்த பெண்களை நினைத்துப் பாருங்கள். கைபேசி உற்பத்தி லைனில் கையும் கண்ணும் பழகியவர்கள். ஆலை வரி வழக்கில் சிக்கியது, கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இந்த ஆலை மட்டும் சேரவில்லை, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. யாருடைய திறன் குறைந்ததால் இது நடந்தது? பிறகு அதே வட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வந்தன. அனுபவம் உள்ளவர்களைத் தேடியா வேன்கள் ஊர் ஊராகப் போயின? பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு, இருபது வயதுப் பெண்களைத் தேடித்தான் போயின. மறைமலைநகர் ஃபோர்டில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. நாற்பதைத் தொட்ட அந்தத் தொழிலாளிகளுக்கு எந்த மேடையிலிருந்தும் புதுத் திறன் கற்றுக்கொள்ளச் சொல்லலாம். கற்றபின் யார் எடுப்பார்கள் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

புதுத் தொழில் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்றவனை நிரந்தரமாக்கினால், கூலியை ஏற்றினால், பையன்கள் தாங்களாகவே வரிசையில் நிற்பார்கள். 2024இல் தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்குச் சுமார் இருபது லட்சம் பேர் விண்ணப்பித்தது எழுத்தர் வேலை மீதுள்ள காதலாலா?

வீட்டில் மகனோ மகளோ ஃபிட்டர், சி.என்.சி. என்று பயிற்சியில் சேரப்போகிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுமுன் அந்தக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வேலை கொடுப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா? பிள்ளை தொழிலாளியா, அப்ரென்டிஸா, வெறும் ட்ரெய்னியா? சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள்? மனிதவள அதிகாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.