எஞ்சின் விலை பாதிக் கணக்குதான்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்கள் 2008 மைவி நெடுஞ்சாலையில் ஆவி கக்கி நின்றுவிட்டது. ரேடியேட்டர் கசிந்து தண்ணீர் வற்றியதை நான் கவனிக்கவில்லை. சூடு தாங்காமல் சிலிண்டர் ஹெட் வளைந்துபோனது.

"ஓவர்ஹால் செய்தாலும் உத்தரவாதம் சொல்ல முடியாது. ஹாஃப்கட் எஞ்சின் போட்டுடலாம், 2,200 வெள்ளி" என்றார் பட்டறைக்காரர். வீட்டில் இருப்பது ஒரே கார். மனைவியின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் அதை நம்பித்தான். "சரி அண்ணே, போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேதான் தவறு செய்தேன்.

கடைசியில் மனைவி நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தது இது: எஞ்சின் 2,200, கூலி 700, மவுண்டிங் 300, புதிய ரேடியேட்டர் 250, வாட்டர் பம்ப், ஹோஸ், எண்ணெய், கூலன்ட் 400, இழுவை வண்டி 200, பரிசோதனைக்கும் பத்திர வேலைக்கும் 150, கார் இல்லாத இரண்டு வாரம் கிராப் செலவு 600. மொத்தம் 4,800 வெள்ளி. தீபாவளிக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் அதில் போனது.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இந்த நிலைக்கு வந்தால் நான்கு விஷயங்களை முதலில் கவனியுங்கள்.

முதலாவது, பழைய எஞ்சின் ஏன் கெட்டது? அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் வேறு எஞ்சின் போட்டால் அதற்கும் அதே கதிதான். எங்கள் பட்டறையில் பழைய ரேடியேட்டரையே மாட்டப் பார்த்தார்கள். நல்ல வேளை, தடுத்துவிட்டோம்.

இரண்டாவது, எஞ்சினைப் பார்த்து வாங்குங்கள். ஹாஃப்கட் என்பது வெளிநாட்டில் ஓடிய காரின் முன்பாதி. முதல் தலைமுறை 1.3 மைவிக்கு ஜப்பானின் டொயோட்டா பாஸோ, டைஹாட்சு பூன் கார்களில் இருந்த அதே கே3-விஇ எஞ்சின் பொருந்தும். கம்ப்ரெஷன் சோதனை கேளுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காப்பி நிறத்தில் படிவு இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம், வேண்டாம். எத்தனை நாள் உத்தரவாதம், கூலியும் அதில் அடங்குமா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, பத்திரம். காரின் கிராண்டில் எஞ்சின் எண் பதிவாகியிருக்கிறது. எஞ்சின் மாறினால் அந்த எண்ணும் மாற வேண்டும். வாங்கிய ரசீதையும் இறக்குமதிப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். புஸ்பாகோம் பரிசோதனை முடித்து, ஜேபிஜேயில் புதுப்பித்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். இதை விட்டால் காரை விற்கும்போதோ விபத்து இழப்பீடு கேட்கும்போதோ சிக்கல் வரும்.

நான்காவது, பெரிய எஞ்சின் ஆசை. பழைய விராவில் 1.8 போட நினைக்கும் தம்பிமார்களுக்கு இது. வேலை தொடங்கும் முன்பே ஜேபிஜே அனுமதி பெறுங்கள். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,600 சிசி ஆனால் சாலை வரி 90 ரிங்கிட், 1,800 சிசி ஆனால் 280 ரிங்கிட். இது ஆண்டுதோறும் வரும் செலவு. கியர்பாக்ஸ், பிரேக், வயரிங் கணக்கு தனி.

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு எதிர்பாராததற்கு வையுங்கள். வரும் தொகையை உங்கள் காரின் இன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். பாதியைத் தாண்டினால் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு முறை பேசுங்கள். பாடி துருப்பிடிக்காமல், கடனும் இல்லாமல் இருக்கும் காருக்கு எஞ்சின் மாற்றுவது நல்ல முடிவாகவே இருக்கலாம். எங்கள் மைவி இன்றும் ஓடுகிறது, வருத்தமில்லை.

ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் சூடாகும் முன், பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. 4,800 வெள்ளி கொடுத்துக் கற்றுக்கொண்டது.